நாயின் எலும்பும் அலுமினிய ஆப்பும்

ஜார்ஜ் டவுனின் தென்புறத்தில், ஆயர் ஈத்தாம் ஆறும் நீர்வீழ்ச்சித் தோட்டத்தின் பக்கமிருந்து இறங்கிவரும் ஆறும் ஒன்றுகூடி, சுங்கை பினாங் என்ற பெயருடன் ஜெலுத்தோங் அருகே கடலில் கலக்கின்றன. அந்த ஆற்றின் பெயராலேயே வழங்கும் நகர்ப்பகுதியிலும், பொதுவாகப் பினாங்குத் தீவு முழுவதிலும், அரசாங்கத்தின் கண்ணுக்கு நாய்கள் நெடுங்காலம் இரண்டே வகையினவாகத் தென்பட்டன: கழுத்தில் உரிம வில்லை உள்ளவை, வில்லை இல்லாதவை. மலாயாவின் கால்நடைத் துறை நாயைக் கருத்தில் கொண்டதற்கு முதற்காரணம் வெறிநோய் ஆகும். 1950களில் அந்நோய் பரவியதைத் தொடர்ந்து, தாய்லாந்து எல்லையை ஒட்டிய வட மாநிலங்களில் நாய்களுக்குத் தடுப்பூசி இட்டு ஒரு காப்பு வளையம் அமைக்கப்பட்டது. 2012இல் மலேசியா வெறிநோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மாநிலங்களில் நோய் மீண்டும் தலைகாட்டியபோது, தெருநாய்களைக் கொல்வதென்று பினாங்கு மாநில அரசு எடுத்த முடிவு கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. இந்த வரலாறு முழுவதும் நாயின் பல்லைச் சுற்றியே அமைந்தது. அதன் எலும்புக்கு இதில் இடமில்லை.

ஆனால் 20ஆம் நூற்றாண்டில், உலகின் வேறு பல நகரங்களில், நாயின் எலும்பு இடைவிடாமல் படம்பிடிக்கப்பட்டும், எரித்துச் சாம்பலாக்கப்பட்டும், நிறுக்கப்பட்டும் வந்தது. எலும்பில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்பதை உயிருள்ள உடலிலேயே ஊடுகதிர் கொண்டு அறியும் கலை வளர்ந்ததில் நாய்க்குப் பெரும் பங்கு உண்டு. அப்பங்கு நோயாளியின் பங்கு அன்று, மனிதக் குழந்தைக்கும் மனித மூதாட்டிக்கும் விண்வெளி வீரருக்கும் பதிலாகச் சோதனைக்கூடத்தில் நிறுத்தப்பட்ட பதிலாளின் பங்கு என்பதே இவ்வரலாற்றின் மையச் செய்தி. நாய்க்காகவே நாயின் எலும்பை அளக்கும் எண்ணம் மிகத் தாமதமாகவே வந்தது. வந்தபோதும், மனிதனுக்கென்று செய்த கருவியும் மனிதனுக்கென்று வகுத்த அளவுகோலும் நாய்க்கு அப்படியே பொருந்தவில்லை.

உணவுக் குறையால் நோய் வரும் என்ற அறிவு உருவானதில் மலாயாவுக்கும் ஒரு பங்கு இருந்ததை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் பெருந்தொகையாக மடிந்தனர். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களை அந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. இவ்வேறுபாட்டை வலியுறுத்தி டாக்டர் பிராடன் 1907இல் ஒரு நூல் வெளியிட்டார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் நடத்திய சோதனையும் அதையே காட்டியது. நெகிரி செம்பிலானில் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி இருவகை அரிசி அளித்துப் பார்த்த ஃபிரேசர், ஸ்டான்டன் இருவரும், பின்னர் கோழிகளுக்குத் தீட்டிய அரிசியை ஊட்டி, நோய்க்குக் காரணம் அரிசியில் உள்ள நஞ்சு அன்று, தீட்டும்போது அகன்றுவிடும் ஏதோ ஒரு சத்தின் இன்மையே என்று நிறுவினர். பிராடனோ தம் நூலில் நஞ்சையே காரணமாகக் கூறியிருந்தார். சான்றைச் சரியாகத் திரட்டிவிட்டுக் காரணத்தைத் தவறாகக் கூறும் இந்நிலை நாயின் எலும்பு ஆய்விலும் பத்தே ஆண்டுகளில் மறுபடி நிகழ்ந்தது.

ஊடுகதிர் எனப்படும் எக்ஸ்-ரேயை வில்ஹெல்ம் ரான்ட்கன் 1895 நவம்பரில் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே பிரிட்டனில் பேட்டன், டங்கன் ஆகியோர் எடுத்த குதிரைக் குளம்பின் படம் கால்நடை மருத்துவ இதழில் வெளிவந்தது. அக்காலக் குழாய்களின் கதிர் வலுவற்றது என்பதால் படம் பதிய நெடுநேரம் பிடித்தது. அதுவரை அசையாமல் நிற்கக்கூடிய விலங்கும், நின்றவாறே படம்பிடிக்க வாகான மெல்லிய உறுப்பும் தேவைப்பட்டன. போர்க்களத்திலும் வண்டியிலும் குதிரைக்கு இருந்த விலைமதிப்பும் இதற்குத் துணைசெய்தது. வாலாட்டிக்கொண்டே இருக்கும் நாயின் முறை வர, கதிர்க்குழாயும் மயக்கமருந்தும் முன்னேற வேண்டியிருந்தது.

எக்ஸ்-ரே படம் என்பது அடிப்படையில் ஒரு நிழல். கதிர்கள் உடலுக்குள் புகும்போது தசையும் கொழுப்பும் சிறிதளவே அவற்றைத் தடுக்கின்றன. கால்சியமும் பாஸ்பரசும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்ற தாதுப்பொருளால் ஆன எலும்பு மிகுதியாகத் தடுக்கிறது. தடுக்கப்பட்ட இடத்தில் படச்சுருள் வெளுப்பாகவும், தடுக்கப்படாத இடத்தில் கறுப்பாகவும் பதிகிறது. எனவே எலும்பு எவ்வளவு வெளுத்துத் தெரிகிறதோ அவ்வளவு தாது அதில் இருக்கிறது என்று கொள்வது இயல்பு. ஆனால் மனிதக் கண் இவ்விஷயத்தில் நம்பத்தக்கதன்று; எலும்பின் தாதுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்த பின்னரே, தேர்ந்த மருத்துவரின் கண்ணுக்கும் அக்குறை புலப்படுகிறது. அதற்குள் எலும்பு முறியும் நிலைக்கு வந்துவிடுவதும் உண்டு.

லண்டனில் எட்வர்ட் மெலன்பி முதல் உலகப்போர்க் காலத்தில் தொடங்கிய ஆய்வில் இக்குறை அவருக்குப் பெரிய இடையூறாக இருக்கவில்லை. ஏனெனில் அவர் நாய்க்குட்டிகளிடம் உண்டாக்கிய நோய் கண்ணுக்குத் தப்பாத அளவுக்கு முற்றியதாக இருந்தது. வளரும் எலும்பின் நுனியில் சுண்ணாம்பு படியாமல், கால்கள் வளைந்து, மணிக்கட்டு வீங்கும் நோயே ரிக்கெட்ஸ் எனப்படுவது. தொழில் நகரங்களின் ஏழைக் குழந்தைகளை அது வாட்டிவந்தது. மெலன்பி நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே அடைத்துவைத்து, கொழுப்பு நீக்கிய பாலும் ரொட்டியும் ஓட்சுக் கஞ்சியும் கொண்ட உணவை அளித்து அந்நோயை வரவழைத்தார். பின்னர் காட் மீனின் ஈரல் எண்ணெயை ஊட்டி அதைத் தடுத்துக் காட்டினார். நோய் வந்ததா, தீர்ந்ததா என்பதை அவர் அறிந்தது முன்னங்கால் மணிக்கட்டின் எக்ஸ்-ரே படத்தாலும், இறந்த குட்டியின் எலும்பில் கால்சியத்தை வேதியியல் முறையில் அளந்ததாலும் ஆகும். ஒரே எலும்பை முதலில் நிழலாகவும் பின்னர் சாம்பலாகவும் பார்த்த இந்த இரட்டைச் சோதனையே, பிற்காலத்தில் ஒவ்வொரு புதிய அளவுக் கருவியும் தன்னை நிரூபித்துக்கொள்ளக் கடந்தாக வேண்டிய வாயிலாயிற்று. 1919இல் அவர் வெளியிட்ட முடிவு, ஈரல் எண்ணெயில் உள்ள காப்புப் பொருள் வைட்டமின் ஏ-யாக இருக்கலாம் என்றது. அமெரிக்காவில் மெக்காலம் 1922இல் அது வேறொரு பொருள் என்று காட்டினார். அதுவே வைட்டமின் டி. இதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே, 1889இல், லண்டன் விலங்குக் காட்சிசாலையில் கால் வளைந்து செத்துக்கொண்டிருந்த சிங்கக் குட்டிகளுக்கு ஜான் பிளாண்ட்-சட்டன் ஈரல் எண்ணெயும் பொடித்த எலும்பும் கொடுத்துக் குணப்படுத்தியிருந்தார் என்பதும், மருத்துவ உலகம் அதை ஒரு தலைமுறைக் காலம் பொருட்படுத்தவில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கவை.

மெலன்பியின் ஆய்வில் மற்றொரு புதிர் மறைந்திருந்தது. அதே 1919இல் பெர்லினில் ஹுல்ட்சின்ஸ்கி புறஊதாக் கதிர் விளக்கொளியில் குழந்தைகளை வைத்து ரிக்கெட்ஸைத் தீர்த்தார். சூரிய ஒளி தோலில் பட்டால் மனித உடல் வைட்டமின் டி-யைத் தானே ஆக்கிக்கொள்ளும் என்பது பிறகு தெளிவாயிற்று. அப்படியானால் மெலன்பியின் நாய்க்குட்டிகள் வெயிலில் விடப்பட்டிருந்தால் நோயே வந்திராது என்று பலர் கருதினர். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹசேவிங்கலும் அவருடைய குழுவினரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மாற்றியது: நாயின் தோலும் பூனையின் தோலும் வைட்டமின் டி-யைப் போதிய அளவு ஆக்க வல்லவை அல்ல, அவ்விலங்குகள் அதை உணவிலிருந்தே பெற்றாக வேண்டும். ஆண்டு முழுவதும் வெயில் கொளுத்தும் பினாங்கில் முற்றத்தில் படுத்துக் கிடக்கும் நாய்க்கும் அந்த வெயிலால் எலும்புக்குப் பெரும்பயன் இல்லை என்பது இதன் பொருள். வெப்பமண்டலத்து நாய் வளர்ப்போர் பலர் இன்றும் இதற்கு நேர்மாறாகவே நம்புகின்றனர்.

படத்தின் வெளுப்பை எண்ணாக மாற்றும் முயற்சி பல் மருத்துவத்தில் தொடங்கியது. 1897இலேயே டென்னிஸ் என்பவர் எக்ஸ்-ரே வேலைக்கென ஓர் அளவு முறையை முன்வைத்தார். இதில் உள்ள இடர்ப்பாடு எளிதில் விளங்கக்கூடியது. ஒரே எலும்பை இரண்டு முறை படம்பிடித்தால் இரண்டு படங்களும் ஒரே வெளுப்புடன் வருவதில்லை. குழாய்க்குக் கொடுத்த மின்னழுத்தம் சற்று ஏறினாலும், கதிர் பாய்ந்த நேரம் சற்று நீண்டாலும், படச்சுருளைக் கழுவும் கரைசல் பழையதானாலும் சூடானாலும் படத்தின் கறுப்பு மாறிவிடும். படம் கழுவும் கரைசலுக்கு விதித்த வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். குழாயில் வரும் தண்ணீரே அதைவிடச் சூடாக இருக்கும் பினாங்கு போன்ற ஊர்களின் இருட்டறையில், பனிக்கட்டியோ குளிரூட்டியோ இன்றி அந்த விதியைக் காப்பாற்ற முடியாது. காப்பாற்றாவிட்டால் படம் கருகும், படச்சுருளின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சும் இளகும். இங்கிலாந்தில் எடுத்த படத்தையும் மலாயாவில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்து எலும்பின் வலுவை ஒப்பிடுவது இக்காரணத்தால் வீண்வேலையாகவே இருந்திருக்கும்.

தீர்வு மிக எளியது. எலும்புடன் சேர்த்து, தடிமன் தெரிந்த வேறொரு பொருளையும் அதே படத்தில், அதே கணத்தில் பதிவுசெய்துவிட்டால், மின்னழுத்தமும் கரைசலும் இரண்டையும் ஒரே அளவில் பாதிக்கும்; அதன்பின் எலும்பின் வெளுப்பு அந்தப் பொருளின் எந்தத் தடிமனின் வெளுப்புக்குச் சமம் என்று பார்த்தால் போதும். 1937இல் ஸ்டைன் என்பவர் இதற்கென யானைத் தந்தத்தில் செதுக்கிய ஆப்பைப் பயன்படுத்தினார். தந்தமும் எலும்பைப் போலவே கால்சியமும் பாஸ்பரசும் கொண்டது என்பதால் இது தர்க்கத்துக்கு ஒத்த தேர்வுதான். ஆனால் எந்த இரு தந்தங்களும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே அலுமினியம் அதன் இடத்தைப் பிடித்தது. கதிரைத் தடுக்கும் தன்மையில் அலுமினியம் எலும்புக்கு நெருங்கியது, எங்கும் கிடைக்கும், ஒரே தரத்தில் வார்க்கலாம், துல்லியமாக வெட்டலாம். ஒரு மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ உயரமுள்ள படிகளாக வெட்டிய அந்தச் சிறு உலோகத் துண்டுதான், விலையுயர்ந்த கருவிகள் வருவதற்கு முன்னும் வந்த பின்னும் எலும்பு அளவியலின் படிக்கல்லாக இருந்துவருகிறது.

நாயிடம் இதைச் செய்யும் முறை பின்வருமாறு. மயக்கமருந்து கொடுத்த நாயைக் குப்புறக் கிடத்தி, ஒரு முன்னங்காலை முன்னோக்கி நீட்டிப் படப்பெட்டியின்மேல் தட்டையாக வைக்கின்றனர். காலை ஒட்டி, அதற்கு இணையாக, அலுமினிய ஆப்பு வைக்கப்படுகிறது. முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி கதிர் நேர்மேலிருந்து பாய்ச்சப்படுகிறது. படம் கழுவி உலர்ந்த பின், மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஆரை எலும்பின் விரிந்த பகுதியில் ஒரு சிறு கட்டம் குறிக்கப்படுகிறது; அவ்விடத்தில் தசை மிகக் குறைவு, உள்ளே கடற்பஞ்சு போன்ற எலும்பு மிகுதி, இழப்பு முதலில் தென்படுவதும் அத்தகைய எலும்பில்தான். அக்கட்டத்தின் வழியே ஒளியைச் செலுத்தி மறுபுறம் வரும் ஒளியை அளந்து, அதே ஒளியளவு ஆப்பின் எந்தப் படியில் கிடைக்கிறதென்று பார்த்து, எலும்பின் அடர்த்தியை இத்தனை மில்லிமீட்டர் அலுமினியம் என்று கூறுகின்றனர். பிரேசிலின் சாவோ பாவுலோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இம்முறையைக் கணினியுடன் இணைத்து நாய்களிடம் கையாண்டு வந்துள்ளனர். இதில் மாயமொன்றும் இல்லை. பொறுமையும் ஒழுங்கும் இருந்தால் சாதாரண எக்ஸ்-ரே இயந்திரமே போதும்.

அலுமினிய ஆப்பின் புகழும் அதன் எல்லையும் ஒருசேர வெளிப்பட்டது விண்வெளிப் பயணக் காலத்தில் ஆகும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் பின்னர் டெக்சாசிலும் பணிபுரிந்த பாலின் பியரி மேக், படத்தின் கறுப்பை ஆப்புடன் ஒப்பிட்டு எலும்பின் அடர்த்தியைக் கணிக்கும் முறையை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவர். எடையற்ற நிலையில் எலும்பு கரையுமோ என்ற ஐயம் எழுந்தபோது, ஜெமினி விண்கலங்களில் சென்றுவந்த வீரர்களின் குதிகால் எலும்பை அவர் அளந்தார். சில நாள் பயணத்திலேயே கணிசமான இழப்பு நேர்ந்ததாக அவரது கணக்கு கூறியது. 1966 பிப்ரவரியில் சோவியத் ஒன்றியம் காஸ்மாஸ் 110 என்ற கலத்தில் வெத்தரோக், உகல்யோக் என்ற இரண்டு நாய்களை அனுப்பி, 22 நாட்கள் விண்ணில் வைத்திருந்து, உயிருடன் திருப்பிக் கொண்டுவந்தது. அவை இளைத்தும் தசை மெலிந்தும் நிற்கத் தடுமாறியும் இறங்கின. எலும்பும் தசையும் சுமையின்றி நிலைக்கா என்பதற்கு அவையும் சான்றாயின. மேக்கின் பணியைப் பாராட்டி அமெரிக்க விண்வெளி நிறுவனம் 1970இல் அவருக்கு வழங்கிய விருதுக்கு ஸ்னூப்பி என்ற கேலிச்சித்திர நாயின் பெயர் சூட்டப்பட்டிருந்தது ஒரு வேடிக்கையான தற்செயல். ஆனால் 1974இல் வோஸ் என்பவர் அதே ஜெமினி படங்களை மறு ஆய்வு செய்து, இழப்பு முதலில் கூறிய அளவுக்கு இல்லை என்று காட்டினார். குதிகாலைச் சுற்றியுள்ள சதையும் அதன் வீக்கமும் கணக்கைக் குழப்பக்கூடியவை. ஒரே ஆற்றல் கொண்ட கதிரால் எலும்பையும் சதையையும் பிரித்தறிய இயலாது என்பது ஆப்பு முறையின் பிறவிக் குறை.

அக்குறையை நீக்கும் வழி இரண்டு கட்டமாக வந்தது. 1963இல் கேமரன், சோரன்சன் ஆகியோர் படச்சுருளையே விலக்கிவிட்டு, கதிரியக்க அயோடினிலிருந்து வரும் மெல்லிய கதிர்க்கற்றையை முன்கையின் குறுக்கே செலுத்தி, மறுபுறம் வந்தடையும் கதிரை நேரடியாக எண்ணும் முறையை வெளியிட்டனர். அடுத்து, ஆற்றல் வேறுபட்ட இரண்டு கதிர்களை ஒரே நேரத்தில் செலுத்தினால், இரண்டையும் எலும்பு தடுக்கும் விகிதமும் சதை தடுக்கும் விகிதமும் வேறுவேறாக இருப்பதைக் கொண்டு சதையின் பங்கைக் கழித்துவிடலாம் என்று அறிந்தனர். கதிரியக்கப் பொருளுக்குப் பதிலாக எக்ஸ்-ரே குழாயையே பயன்படுத்தி இதைச் செய்யும் கருவி 1987இல் சந்தைக்கு வந்தது. டெக்சா என்று மருத்துவமனைகளில் இன்று வழங்குவது இதுவே. 1994இல் உலக சுகாதார நிறுவனம் எலும்பின் அடர்த்தி இளம்பெண்களின் சராசரியிலிருந்து இரண்டரைத் திட்டவிலக்கம் கீழே போனால் எலும்புப்புரை நோய் என்று வரையறுத்தது. அந்த எல்லைக்கோடு மாதவிடாய் நின்ற பெண்களை நோக்கி வகுக்கப்பட்டது என்பதை மருத்துவர்களே சில வேளைகளில் மறந்துவிடுகின்றனர். நாய்க்கு அது எவ்வகையிலும் பொருந்தாது.

டெக்சா கருவியை நாயிடம் பயன்படுத்தும்போது எழும் சிக்கல் கணிதம் சார்ந்தது. அது அளப்பது நிழலின் அடர்த்தி. அதாவது, எலும்பில் உள்ள தாதுவின் எடையை எலும்பின் நிழல் விழும் பரப்பால் வகுத்துக் கிடைக்கும் எண். ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராம் எடையுள்ள ஒரே பொருளால் இரண்டு கனசதுரங்கள் செய்வதாகக் கொள்ளலாம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள சிறியதன் எடை 1 கிராம், நிழல் 1 சதுர சென்டிமீட்டர். ஆகவே எண் 1. இரண்டு சென்டிமீட்டர் பக்கமுள்ள பெரியதன் எடை 8 கிராம், நிழல் 4 சதுர சென்டிமீட்டர். ஆகவே எண் 2. பொருள் ஒன்றே, ஆயினும் பெரியது இருமடங்கு அடர்ந்ததாகக் கருவி கூறும். மனிதருக்குள் உடலளவு வேறுபாடு ஓர் எல்லைக்குள் நிற்பதால் இப்பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு கிலோ சிவாவாவும் 60 கிலோ கிரேட் டேனும் ஒரே இனமாக வழங்கும் நாயுலகில் பொறுக்க முடியாது. பீகிள் நாய்களில் கண்ட சராசரியை வைத்து ஓர் இராஜபாளையம் நாயின் எலும்பை நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்வது பொருளற்றது. எலும்பின் குறுக்குவெட்டைப் படமாக்கிக் கன அளவிலேயே அடர்த்தியைத் தரும் சிடி ஸ்கேன் இச்சிக்கலைத் தவிர்க்கிறது. நாயுடன் சேர்த்து வைக்கும், தாது அடர்த்தி தெரிந்த மாதிரித் துண்டுகள் அங்கே அலுமினிய ஆப்பின் வேலையைச் செய்கின்றன.

சிடி ஸ்கேன் நாய்களின் எலும்பில் கண்டறிந்தவற்றுள் மிகச் சுவையானது பந்தய கிரேஹவுண்டுகளைப் பற்றியது. பந்தய ஓடுதளத்தில் அவை எப்போதும் இடப்புறமாகவே வளைந்து ஓடுகின்றன. வளைவில் திரும்பும்போது வலது பின்னங்காலின் கணுக்கால் எலும்புகளில் அழுத்தம் மிகுகிறது. அளந்து பார்த்தபோது, வலது கணுக்காலின் நடு எலும்பு இடதைவிட அடர்ந்து இறுகியிருந்தது. அடர்த்தி மிகுந்தால் வலுவும் மிகும் என்பது பொதுநம்பிக்கை. ஆனால் ஓடும் நாய்களில் முறிவது பெரும்பாலும் அந்த வலது எலும்பேதான். ஓயாத அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க எலும்பு தன்னைக் கெட்டிப்படுத்திக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் களைப்பால் விரிசல் விடுகிறது. அடர்த்தியை நலத்தின் ஒரே அளவாகக் கொள்வோருக்கு இந்த ஒரு சான்றே போதிய மறுப்பு.

மனித எலும்பு ஆய்வுக்கு நாயை ஏன் தேர்ந்தனர் என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் தரும் விடை, நாயின் எலும்பு தன்னைத்தானே அரித்துப் புதுப்பித்துக்கொள்ளும் முறை மனித எலும்பின் முறையை ஒத்தது என்பதாகும். எலியின் எலும்பு அவ்வாறு இயங்குவதில்லை. பல விலங்குகளின் எலும்பை ஒப்பிட்டு ஏர்சன்ஸ் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வும், அமைப்பில் நாயின் எலும்பே மனித எலும்புக்கு மிக நெருங்கியது என்று கூறியது. 1909இல் மெக்கல்லமும் ஃபோக்ட்லினும் இரத்தத்தின் கால்சியம் குறையாமல் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகளை அகற்றிய நாய்களுக்குக் கால்சியம் செலுத்தி வலிப்பை நிறுத்தியதும், 1950களில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கணக்கான பீகிள் நாய்களின் எலும்பில் ரேடியமும் புளூட்டோனியமும் செய்யும் கேட்டை ஆயுள் முழுவதும் படம்பிடித்துப் பின்தொடர்ந்ததும் இத்தேர்வின் வெவ்வேறு அத்தியாயங்கள். எனினும் ஒன்றில் நாய் மனிதரின் பதிலாளாக இருக்க மறுத்துவிட்டது: பெண்நாய்க்கு மாதவிடாய் நிற்பது என்ற நிலை இல்லை, கருப்பையையும் சூலகத்தையும் அகற்றினாலும் மூதாட்டிகளிடம் காணும் வேகமான எலும்பு இழப்பு அதனிடம் தெளிவாகத் தோன்றுவதில்லை.

நாயின் எலும்பைக் கெடுப்பது பெரும்பாலும் முதுமை அன்று, உணவுத் தட்டு. இறைச்சியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பதினைந்து, இருபது மடங்கு மிகுதி. சோற்றிலும் கால்சியம் சொற்பமே. எலும்பின்றி இறைச்சியும் சோறும் மட்டும் உண்டு வளரும் குட்டியின் உடல், இரத்தத்தின் கால்சியம் குறையாதிருக்கப் பாராதைராய்டு சுரப்பியை முடுக்கிவிட்டுச் சொந்த எலும்பைக் கரைக்கத் தொடங்குகிறது. எக்ஸ்-ரேயில் எலும்பின் சுவர் காகிதம் போல் மெலிந்து, வெளுப்பில் சுற்றியுள்ள சதையோடு ஒன்றிவிடுகிறது. முதிய நாயிடம் சிறுநீரகம் பழுதானாலும் இதே சுரப்பி இதே வேலையைச் செய்கிறது. அங்கே முதலில் கரைவது தாடை எலும்பு, அதிலும் பல்வேரைச் சூழ்ந்த மெல்லிய வெண்கோடு. எதிர்த்திசைப் பிழையும் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹெட்ஹம்மரும் குழுவினரும் 1974இலும், உட்ரெக்டில் ஹசேவிங்கல் குழுவினர் 1985இலும் கிரேட் டேன் குட்டிகளிடம் நடத்திய ஆய்வுகள், மிகுந்த ஊட்டமும் மிகுந்த கால்சியமும் பெருநாய்க் குட்டிகளின் எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கும் என்று காட்டின. 1.1 விழுக்காடு கால்சியம் கொண்ட உணவில் நன்றாக வளர்ந்த குட்டிகளுக்கு எதிராக, 3.3 விழுக்காடு கால்சியம் உண்டவை மூட்டுக் குருத்தெலும்பில் கோளாறும் கால்களில் வளைவும் கொண்டு வளர்ந்தன. சத்து மாத்திரை விற்பவர்கள் இவ்வாய்வைக் குறிப்பிடுவதில்லை.

இக்கோளாறுகளைக் கண்டறிய வேண்டிய கால்நடை மருத்துவருக்கான பட்டப்படிப்பு மலேசியாவில் செர்டாங்கில் 1972இல் அமைந்த புலத்துடன்தான் வேரூன்றியது. அதற்கு முன் அத்தொழிலை விரும்பியவர்கள் இந்தியாவுக்கோ பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ செல்ல வேண்டியிருந்தது. 1903இல் வேப்பேரியில் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அவ்வகையில் இப்பகுதிக்கு அருகிலிருந்த மூத்த கல்விச்சாலைகளுள் ஒன்று. எக்ஸ்-ரே இயந்திரத்தை வைத்திருப்பதே 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்துக்கு உட்பட்டது. இருட்டறைகள் மறைந்து, கதிரைக் கணினியே வாங்கிப் படமாக்கும் தகடுகள் வந்துவிட்ட இந்நாளில், பனிக்கட்டியிட்டுக் கரைசலைக் குளிர்விக்க வேண்டியதில்லை. ஆயினும் புதிய தொழில்நுட்பம் ஒரு புதிய மயக்கத்தையும் கொண்டுவந்துள்ளது: கணினி ஒவ்வொரு படத்தையும் பார்வைக்கு இனிதாகத் தானே வெளுப்புக் கறுப்பைச் சரிசெய்துவிடுகிறது, மெலிந்த எலும்பும் திரையில் திடமாகத் தெரியும். ஆப்பு பக்கத்தில் இல்லாத படத்தைக் கொண்டு அடர்த்தியைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது முன்னைவிட இன்று பெரிய பிழை.

எலும்பு அடர்த்தி அளப்பதற்கென நாய்க்குத் தனிக் கருவி தேடி அலைய வேண்டிய தேவை சுங்கை பினாங்கிலோ பிற ஊர்களிலோ பெரும்பாலான வீடுகளுக்கு இல்லை. குட்டி நொண்டினாலோ, தொட்டால் வலியில் கத்தினாலோ மருத்துவரிடம் காட்டி எக்ஸ்-ரே எடுப்பதும், எடுக்கும்போது அது என்ன உண்கிறது என்பதை மறைக்காமல் சொல்வதும், வளரும் குட்டிக்கு வெறும் சோறும் இறைச்சியும் போடாமல் குட்டிகளுக்கென வகுத்த முழு உணவைக் கொடுப்பதும், அதன்மேல் மருத்துவர் சொல்லாமல் கால்சியம் மாத்திரையைச் சேர்க்காதிருப்பதும் நாய் வளர்ப்போர் செய்ய வேண்டியவை.